ஓரகத்தியின் ஓயாத கை

என் ஓரகத்தியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல் என்று யாராவது கேட்டால் நாற்பது சொல்வேன். என்ன, பத்தாவது வார்த்தைக்குள் எனக்கு வயிறு எரியத் தொடங்கிவிடும், அவ்வளவுதான். என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி அவள். நேரில் அக்கா, வாங்க, போங்க எல்லாம் உண்டு. மனசுக்குள் அவள், இவள்தான். இங்கே மனசுக்குள் இருப்பதைத்தான் சொல்லப்போகிறேன் என்பதால் அவள் என்றே சொல்லிவிட்டுப் போகிறேன்.

ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்டது போதாதென்று இரண்டு பேருக்கும் ஒரே தொழில். துணிக்கு டிசைன் வரைகிறோம். திரைச்சீலையிலும் பெட்ஷீட்டிலும் பூவும் கொடியுமாக ஓடுகிறதே, அதை யாரோ ஒருத்தர் உட்கார்ந்து வரைந்திருக்க வேண்டும் அல்லவா? அந்த யாரோ நாங்கள்தான். முழுத் துணிக்கும் வரைவதில்லை. ஒரே ஒரு சதுரம் வரைந்து கொடுப்போம். ஆலையில் அதையே பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்சடித்துக்கொண்டே போவார்கள். வலது ஓரத்தில் பாதியில் நிற்கிற இலையின் மறுபாதி, அடுத்த சதுரத்தின் இடது ஓரத்தில் சரியாக வந்து ஒட்ட வேண்டும். அந்த இடத்துக்கு இணைப்பு என்று பெயர். இணைப்பு கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் டிசைன் குப்பைக்குப் போகும். ஆலையில் டிசைன் தேர்வு செய்கிற மேலாளர் அதைக் கண்டுபிடிப்பதற்கென்றே சட்டைப் பையில் பூதக்கண்ணாடி வைத்திருப்பார். அதனால் அவருக்குப் பெயரே பூதக்கண்ணாடி.

நாங்கள் இரண்டு பேருமே முதலில் அந்த ஆலையின் டிசைன் அறையில் சம்பளத்துக்கு இருந்தவர்கள். அங்கே சொந்தமாக ஒரு புல்லைக்கூட வரைய விடமாட்டார்கள். வெளியிலிருந்து வருகிற டிசைன்களை நிறம் நிறமாகப் பிரித்து அச்சுக்குத் தயார் செய்ய வேண்டும். அடுத்தவர் வரைந்த ரோஜாவுக்கு நாள் முழுக்கச் சிவப்பு தேடுகிற வேலை. ஒருநாள் அக்கா வேலையை விட்டுவிட்டாள். வீட்டிலேயே மேஜை போட்டுச் சொந்தமாக வரைய ஆரம்பித்து, அதுவரை நாங்கள் யாருக்கு நிறம் பிரித்தோமோ அந்த வரிசையில் போய் நின்றாள். அவளுடைய கொடிகள் என் மேஜைக்கு வரும். நான் அவளுடைய இலைக்குப் பச்சை பிரித்துக் கொடுப்பேன். எத்தனை நாளைக்குத்தான் பொறுப்பது? நானும் விட்டேன்.

விட்ட பிறகுதான் தெரிந்தது, எனக்கு உட்காரவே வராது என்று. ஆலையில் மேலே ஒருத்தர் நின்று முறைத்தால் வேலை ஓடும். வீட்டில் யார் முறைப்பது? காலையில் மேஜைக்குப் போவேன், மேலே மின்விசிறியில் தூசி தெரியும். சரி, துடைத்துவிட்டு உட்காரலாம். துடைக்க ஏறினால் பரண் தெரியும். பரணைச் சுத்தம் செய்தால் பழைய பாத்திரம் கிடைக்கும். அதைப் புளி போட்டு விளக்கி முடிக்கும்போது வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்து நிற்பார். வந்ததும் வீட்டை ஒரு சுற்றுப் பார்ப்பார்.

“வீடு பளபளன்னு இருக்கே. இன்னைக்கும் ஒண்ணும் வரையலையா?” என்பார்.

பதில் சொன்னால் சண்டை வரும் என்று சமையலறைக்குப் போய்விடுவேன். கடைசியில் ஒருநாள் அவரே பேச்சைத் திறந்தார். அடுத்த பருவத்துக்கான திரைச்சீலைத் தொகுப்பை ஆலை கேட்டிருந்தது. பலர் அனுப்பலாம், ஒருவருடையதைத்தான் எடுப்பார்கள். அதில் நான் தேறாவிட்டால் டிசைன் அறைக்கே திரும்பிப் போய்விடுவது என்று பேசி முடித்தோம். அங்கே என் நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருந்தது. அந்த நாற்காலியை நினைத்தாலே எனக்குக் கழுத்து வலிக்கும்.

இதை என் மாமியார் மூலமாகக் கேள்விப்பட்டு அக்கா போன் செய்தாள். அத்தை அவர்களோடுதான் இருக்கிறார், ஊரின் அந்தக் கோடியில். நாங்கள் இந்தக் கோடி.

“இதுக்கா இவ்வளவு கவலை? காலையில வீடியோ கால் போட்டுக்கலாம். நீ உன் மேஜையில, நான் என் மேஜையில. பேசக் கூடாது, சத்தத்தை மூடிடலாம். காகிதம் தெரியக் கூடாது, கை மட்டும் தெரிஞ்சா போதும். சாயங்காலம் டீ நேரத்துல பேசிக்கலாம்” என்றாள்.

காகிதம் தெரியக் கூடாது என்பது எதற்கென்று சொல்லத் தேவையில்லை. அதே தொகுப்புக்கு அவளும் வரைந்துகொண்டிருந்தாள். அவளுக்கு வேறு ஆலைகளும் உண்டு. எனக்கு இதுதான்.

மறுநாள் காலை இருவரும் கையாட்டிவிட்டு உட்கார்ந்தோம். அவள் கேமராவைப் பக்கவாட்டில் வைத்திருந்தாள். ஒரு விளக்கு வெளிச்சம், மைப்புட்டி, ரப்பர், பென்சில், கை. வேலை நேரத்துக்கென்று அவள் தன் வீட்டுக்காரருடைய சாம்பல் நிறப் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வாள். அதைப் பார்த்ததுமே எனக்கு மூக்கு வியர்த்தது. வேலைக்கென்று ஒரு சட்டை! எனக்கு ஏன் தோன்றவில்லை? மறுநாளே நானும் என் வீட்டுக்காரருடைய சாம்பல் நிறச் சட்டை ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டேன். அது அவர் ஆபீசுக்கு என்று இஸ்திரி போட்டு வைத்திருந்த சட்டை என்பது வேறு கதை.

அந்தக் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் அது ஓடிக்கொண்டிருந்தது. கொட்டாவி விட்டுப் பார்த்தால் ஓடுகிறது. போனை எடுத்து ஒரு நொடி நோண்டிவிட்டுப் பார்த்தால் ஓடுகிறது. தலை சொறியவில்லை, சோம்பல் முறிக்கவில்லை, எழுந்து போய் பிரிட்ஜைத் திறந்து சும்மா பார்த்துவிட்டு மூடவில்லை. மனுஷிதானா இவள்? அவர்கள் பகுதியில் நெட் மோசம் போலிருக்கிறது, காலையில் ஒருதரம் படம் திக்கித் திணறி நிற்கும். மறுபடி வரும்போதும் கை ஓடிக்கொண்டேதான் வரும். எனக்குக் காதில் புகை வராத குறை. ‘நீ மட்டும்தான் வரைவாயா?’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு பென்சிலை எடுப்பேன். அவள் கை நிற்கும்வரை என் கையும் நிற்காது என்று வைராக்கியம். அவள் கைதான் நிற்கவே நிற்காதே!

வாரங்கள் போயின. மின்விசிறியில் தூசி படிந்தது. வீட்டுக்காரர் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு, “வீடு நாறுது. ரொம்பச் சந்தோஷம்” என்றார். நான் அதுவரை வரையாத கொடியெல்லாம் வரைந்தேன். சொன்னால் கர்வமாக இருக்கும், சொல்லாமலும் இருக்க முடியவில்லை: நன்றாக வரைந்தேன். கேமராவில் என் கையும் தெரிகிறதே என்று நகத்தை ஒழுங்காக வெட்டி, நல்ல வளையலாக இரண்டு போட்டுக்கொண்டு, கை நடுங்காமல் கோடு இழுத்தேன். அவளும் பார்க்கட்டும், அவளுக்கும் கொஞ்சம் எரியட்டும் என்ற எண்ணம்.

தொகுப்பை முடிக்க இன்னும் கொஞ்ச நாட்களே இருந்தபோது அது நடந்தது. ஒரு சதுரத்தில் இணைப்பு உறுத்திக்கொண்டே இருந்தது. எந்த இலை என்று தெரியவில்லை. காலையிலிருந்து அதையே வெறித்து வெறித்து என் கண் முழுக்க இணைப்பு தேடுகிற கண்ணாகிவிட்டது. அலுத்துப்போய்த் திரையைப் பார்த்தேன். அக்காவின் முழங்கை பட்டு ரப்பர் உருண்டது. மைப்புட்டியில் இடித்து நின்றது. சுண்டுவிரலால் அதை ஒதுக்கிவிட்டு அவள் தொடர்ந்தாள். ஏனோ மனசு உறுத்தியது. இதை எங்கேயோ பார்த்திருக்கிறேனே? வரைவதை விட்டுவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்து முழங்கை பட்டது. ரப்பர் உருண்டது. மைப்புட்டியில் இடித்து நின்றது. அதே சுண்டுவிரல்.

முன்பே எடுத்த படம்! அதைத்தான் கேமராவுக்குப் பதிலாகத் திரும்பத் திரும்ப ஓடவிட்டிருக்கிறாள். யாரிடம் காட்டுகிறாள்? இணைப்பு கண்டுபிடித்தே வயிறு வளர்க்கிறவளிடம்!

அத்தைக்குப் போன் போட்டேன்.

“அத்தை, அக்கா என்ன பண்றாங்க?”

“பெரியவளா? நடக்கப் போயிருக்கா.”

திரையில் கை ஓடிக்கொண்டிருந்தது.

“இப்பவா அத்தை?”

“தினமும்தான். காலையில உங்க கம்ப்யூட்டர்ல கையாட்டுவா, கொஞ்ச நேரத்துல செருப்பை மாட்டிட்டுக் கிளம்பிடுவா. நல்லா ஊரைச் சுத்திட்டு வந்து சாப்பிடுவா. சாப்பாட்டு மேஜையிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்து வரைவா. அதோட சரி. அப்புறம் என்கூட உட்கார்ந்து டிவி பார்ப்பா.”

“டிவியா?”

“ஆமா. அவ வேலை செய்யறது பக்கத்துல இருக்கிறவங்களுக்கே தெரியாது. நீ வேலை செஞ்சா தெருவுக்கே தெரியுமாம், சின்னவன் சொன்னான்.”

போனை வைத்தேன். ஏமாற்றிவிட்டாளே என்ற கோபம்கூட இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது வேறு. கொஞ்ச நேரம்! நாள் முழுக்க முதுகு ஒடிய நான் இழுப்பதை இவள் சாப்பாட்டு மேஜையில், கை ஈரம் காய்வதற்குள் முடித்துவிட்டு டிவி பார்க்கிறாள்! அதுவரை எரிந்ததெல்லாம் ஒரு எரிச்சலா? இப்போதுதான் நிஜமாக எரிந்தது.

அப்படியே கிளம்பினேன். கணினியை அணைக்கக்கூட இல்லை. பஸ் பிடித்து அந்தக் கோடிக்குப் போய்க் கதவைத் தட்டினேன். அத்தை திறந்து, என் மேல் இருந்த சாம்பல் சட்டையை மேலும் கீழும் பார்த்தார். நேராக அக்காவின் அறைக்குள் போனேன். மேஜை துடைத்துவிட்டதுபோல இருந்தது. ஒரு விளக்கில்லை, ஒரு காகிதமில்லை. ஆளில்லாத அறையில் திரை மட்டும் எரிந்தது. அதில் ஒரு பாதியில் கை வரைந்துகொண்டிருந்தது. இன்னொரு பாதியில் என் காலி நாற்காலி. இத்தனை நாளும் நான் நகம் வெட்டி வளையல் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்ததெல்லாம் இந்தச் சுவருக்காகத்தான் என்று நினைக்க அழுகை முட்டியது.

அக்கா வந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை, காலில் தெருப் புழுதி. என்னைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், அப்படியே அறை வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“எது காட்டிக் கொடுத்துச்சு?” என்றாள்.

“ரப்பர்.”

“சே! அந்த ரப்பரை அப்பவே எடுத்து வெச்சிருக்கணும்.”

எனக்கு வந்ததே கோபம். “அக்கா, என்னை என்னன்னு நினைச்சீங்க? பொம்மலாட்டம் காட்டறதுக்கு நான்தான் கிடைச்சேனா?”

“கத்தாதே, அத்தை வருவாங்க. முதல் ரெண்டு நாள் நிஜமாத்தான் உட்கார்ந்தேன்டி. உன் கை ஓடிச்சு பாரு, எனக்கு உருப்படியா ஒரு கோடு விழலை. நீ பார்க்கிறியேன்னு சும்மா கிறுக்கிட்டே இருந்தேன். நீ என்ன வரையறியோ, என்னைவிட நல்லா வந்துட்டா என்ன பண்றதுன்னு அதே நினைப்பு. பொறாமைன்னே வெச்சுக்கோ. உனக்குப் பொறாமை வந்தா கை ஓடுது. எனக்கு வந்தா கை மடங்கிப் போயிடுது. நான் தனியா நடந்தாத்தான் எனக்கு எதுவும் தோணும்.”

“அதைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?”

“சொல்லிட்டு வீடியோ காலை நிறுத்தினா நீ மறுநாளே மின்விசிறி துடைக்க ஏறியிருக்க மாட்டே?”

எனக்காகத்தான் செய்திருக்கிறாள். இப்போது என்ன சொல்வது? திறமைக்காரி என்றால் பொறுத்துக்கொள்ளலாம். நல்லவளாகவும் இருந்து தொலைக்கிறாளே என்றுதான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அந்த ஆத்திரத்திலும் ஒரு கணக்கு மட்டும் தெளிவாக ஓடியது. நான் பார்த்துக்கொண்டிருந்தால் அவளால் வரைய முடியாது. தொகுப்பு கொடுக்க இன்னும் சில நாள்தான். அவளை மேஜையில் கட்டிப் போட்டால் போதும், போட்டியில் அவள் இல்லை. கேட்பதற்கு எனக்கு நியாயமும் இருக்கிறது.

“பேசினபடி நிஜமா உட்காருங்க அக்கா. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும்” என்றேன்.

என் முகத்தையே பார்த்தாள். என் கணக்கு அவளுக்குப் புரியாமல் இருந்திருக்காது. “சரி, உட்காருறேன்” என்றாள்.

மறுநாள் உட்கார்ந்தாள். சாம்பல் சட்டை, விளக்கு, மைப்புட்டி எல்லாம் அதேதான். கை மட்டும் அது இல்லை. பென்சில் காகிதத்துக்கு மேலே அந்தரத்தில் நின்றது. இறங்கியது, ஒரு கோடு, உடனே ரப்பர். மறுபடி அந்தரம். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. உங்களிடம் மறைப்பானேன், அந்தக் காலை டீயை நான் சப்புக்கொட்டிக் குடித்தேன்.

குடித்துவிட்டு என் பென்சிலை எடுத்தேன். ஓடவில்லை. நிமிர்ந்து பார்த்தேன், அவள் கை சும்மா இருந்தது. சரி, அவளே சும்மா இருக்கிறாள், நமக்கென்ன அவசரம் என்று தோன்றியது. கொஞ்ச நேரத்தில் எழுந்து போய் பிரிட்ஜைத் திறந்து சும்மா பார்த்துவிட்டு மூடினேன். அடுத்த நாளும் அவள் கை நின்றது. நான் பழைய பல்துலக்கியை எடுத்துக் குளியலறைக் குழாயின் இடுக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அன்று வீட்டுக்காரர் உள்ளே நுழைந்து மோப்பம் பிடித்துவிட்டு உட்கார்ந்தார். ஆலையின் அந்தக் காலி நாற்காலி அவர் கண்ணில் தெரிந்தது.

எரிவதற்கு எதுவும் இல்லாமல் போனதும் எனக்கு வேலையும் இல்லாமல் போயிற்று. வெட்கக்கேடுதான், என்ன செய்வது? அவள் கை ஓடினால் அவள் ஜெயிக்கலாம். ஓடாவிட்டால் நான் வரையவே போவதில்லை. அடுத்த நாள் டீ நேரம்வரைகூடக் காத்திருக்கவில்லை. கையாட்டியதுமே சத்தத்தைத் திறந்தேன்.

“அக்கா, நடக்கப் போங்க.”

“என்னடி இது, கிண்டலா?”

“இல்லக்கா. அந்தப் படத்தையே போட்டுட்டுப் போங்க.”

“பொய்னு தெரிஞ்சப்புறமுமா?”

“தெரிஞ்சாலும் எரியுது. நீங்க போங்க முதல்ல.”

அவள் சிரித்த சிரிப்பில் மைப்புட்டியே ஆடியது. படம் ஒருதரம் திக்கியது. கை ஓடத் தொடங்கியது. ரப்பர் உருண்டு மைப்புட்டியில் இடித்தது. அவள் இப்போது எந்தத் தெருவில் யார் வீட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, என்ன கொடியை யோசித்துக்கொண்டு நடக்கிறாளோ என்று நினைத்தேன். நினைத்த மாத்திரத்தில் அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. பென்சிலை எடுத்தேன். கடைசி சதுரம்வரை முடித்துவிட்டுத்தான் வைத்தேன்.

பூதக்கண்ணாடி இரண்டு தொகுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வெகுநேரம் பார்த்தார். இரண்டிலும் இணைப்பு தெரியவில்லை என்றார். திரைச்சீலைக்கு அவளுடையதை எடுத்துக்கொண்டார். என்னுடையதில் ஒரு கொடியைத் தனியாக எடுத்து வைத்து, தலையணை உறைக்கு இருக்கட்டும் என்றார். ஊரெல்லாம் ஜன்னலில் அவள் ஜம்மென்று தொங்குவாள், நான் யார் தலைக்கடியிலோ நசுங்கிக் கிடப்பேன். அவர் என்னை வழியனுப்பும்போது, “உன் பழைய இடம் இன்னும் அப்படியேதான் இருக்கும்மா. வர்றதுன்னா வந்துடு. உங்க அக்கா டிசைனுக்குத்தான் முதல்ல நிறம் பிரிக்கணும்” என்றார்.

வீட்டுக்காரர் வாசலிலேயே காத்திருந்தார். கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்.

“பேசினபடி பார்த்தா நீ தேறலை.”

“தேறலைதான்.”

“அப்ப ஆலைக்குப் போறியா?”

“எதுக்கு? மறுபடியும் அவ இலைக்குப் பச்சை தேடறதுக்கா? செத்தாலும் போகமாட்டேன்” என்றேன். நான் கத்திய கத்தலில் அவர் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிட்டார். தலையணை உறையாவது வந்ததே என்று மட்டும் முணுமுணுத்தார்.

அடுத்த பருவத்துக்கான வேலையைத் தொடங்கிய அன்று காலை, கையாட்டிவிட்டு அக்கா சொன்னாள்: “பழைய படத்துலதான் உனக்கு இணைப்பு தெரிஞ்சுபோச்சே. புதுசா ஒண்ணு எடுத்திருக்கேன். இதுல கண்டுபிடி, பார்க்கலாம்.”

ரப்பரைக் காணோம். மைப்புட்டியும் இடம் மாறியிருக்கிறது. விளக்கு, சட்டை, கை, அவ்வளவுதான். காலையில் நெட் திக்குவதுகூட நின்றுவிட்டது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறேன், எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்று பிடிபடவே இல்லை. சில நாள் ஒரு சந்தேகமும் வருகிறது. ஒருவேளை அவள் கை மடங்குகிற வியாதி குணமாகி, நிஜமாகவே அங்கே உட்கார்ந்திருக்கிறாளோ? அத்தைக்கு ஒரு போன் போட்டால் அடுத்த நிமிடமே தெரிந்துவிடும்.

போடமாட்டேன். அந்தக் கை ஓடிக்கொண்டிருக்கிறது, எனக்கு எரிகிறது, நான் வரைகிறேன்.